ஐம்பத்தொன்றாவது ஆள்

மார்லிஸ் கிவேலா வண்டியில் ஏறியதும் முதல் வேலையாக ஏலக்காய் ரொட்டிப் பொட்டலத்தை முன்கண்ணாடிக்குக் கீழே, சூடான காற்று வரும் துளைகளின் மேல் வைத்தார். பிறகு கையுறைகளைக் கழற்றினார். பெல்ட்டை மாட்டினார். அதற்குப் பிறகுதான் குட்மார்னிங். ஓரின் ஹாகென் எட்டு வருடமாக இந்த வரிசையைப் பார்த்துவருகிறார். இன்றைக்கு அது மாறிவிடுமோ என்று நினைத்திருந்தார். மாறவில்லை.

"நீ வரமாட்டேன்னு நெனச்சேன்," என்றார் ஓரின்.

"கண் டாக்டர் தேதி அக்டோபர்லயே குடுத்தது. உங்க கட்சி ஜெயிச்சதுக்காக என் கண்ணு காத்திருக்குமா?"

"ஜெயிச்சோம்னு ஒத்துக்கிட்டியே."

"வண்டிய எடு ஓரின்."

வெளியே மைனஸ் இருபது. மாநிலத் தலைநகருக்கு இருநூற்று நாற்பது மைல். மாநிலச் சட்டமன்றத்தில் அவர்களுடைய தொகுதிகள் அடுத்தடுத்தவை. ஓரின் விதை வியாபாரி, குடியரசுக் கட்சி. பள்ளிக்கூட நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற மார்லிஸை அவர் முதன்முதலாக வண்டியில் ஏற்றிக்கொண்டது, இருவரும் சட்டமன்றத்துக்குப் புதிதாகத் தேர்வான அந்தக் குளிர்காலத்தில். மார்லிஸின் கார் பனியில் சறுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் கிடந்தது. காரின் பின்புறம் ஜனநாயகக் கட்சி ஸ்டிக்கரைப் பார்த்த பிறகும் நிறுத்தினேன் என்று ஓரின் இன்றும் சொல்லிக்காட்டுவார். அன்றிலிருந்து ஒரே வண்டி. ஒரே ஒரு விதி: அரசியல் பேச்சு, வண்டி ஓடும்போது மட்டும். பெட்ரோல் போட நின்றால் பேச்சும் நிற்க வேண்டும். வழியில் உள்ள ஊர்களில் எல்லோருக்கும் காது உண்டு.

அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் நவம்பர் இடைக்காலத் தேர்தலில் ஓரினின் கட்சி நாற்பத்து நான்கிலிருந்து ஐம்பதுக்கு வந்தது. மொத்தம் நூறு இடங்கள். ஐம்பதுக்கு ஐம்பது. இருதரப்பும் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்வது பற்றிப் பேச ஆரம்பித்திருந்தபோது, டிசம்பரில் மார்லிஸின் கட்சியில் தேர்வான ஒருவர் மாரடைப்பில் இறந்துபோனார். இடைத்தேர்தல் மார்ச் பதினொன்று. அதுவரை ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது. இன்று முதல் கூட்டம். எல்லோரும் போய் உட்கார்ந்தால் அந்த ஒரு ஓட்டில் அவைத்தலைவர் பதவியும் எல்லாக் குழுக்களும் இரண்டு வருடத்துக்கு ஓரினின் கட்சியிடம் போய்விடும். அதனால் நாற்பத்தொன்பது பேரும் அவைக்குள் கால் வைப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். ஐம்பத்தொரு பேர் உள்ளே இருந்தால்தான் அவை கூடும். ஓரினின் தரப்புக்கு ஓர் ஆள் குறைந்தது.

முதல் முப்பது மைல் இருவரும் ரொட்டி சாப்பிட்டார்கள்.

"ஆறு எடம் கூடுதலா குடுத்திருக்காங்க," என்றார் ஓரின். "அதுக்கு என்ன அர்த்தம் அம்மணி? போதும், நிறுத்துன்னு உங்களப் பாத்துச் சொல்லியிருக்காங்க."

"ஏழு குடுக்கலையே. அதுக்கு என்ன அர்த்தம்? இவங்க கையில மட்டும் சாவியக் குடுக்காதேன்னு அர்த்தம்."

"ஒருத்தர் செத்துப்போனதுக்கு நான் என்ன பண்றது?"

"நான் சொல்றதும் அதேதான். உங்களுக்கு அந்த ஒரு ஓட்டக் குடுத்தது மாரடைப்பு. ஜனங்க இல்ல."

"ஜனங்க உன்ன அனுப்பினது சம்பளம் வாங்கிட்டு வீட்ல உக்காரவா?"

"வீட்ல எங்க உக்காந்திருக்கேன்? உன் ஓட்ட வண்டியில உக்காந்து, இடுப்பு ஒடியுது."

ஓரின் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும், கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டார்.

"அப்போ பிப்ரவரி இருபத்தெட்டு?"

மார்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தேதி எனக்கும் தெரியும்."

ஓரினின் ஊரான ஆல்டர் லேக்கின் ஆம்புலன்ஸ் அன்றோடு நிற்கப்போகிறது. ஓட்டும் தன்னார்வலர்கள் நான்கு பேராகக் குறைந்துவிட்டார்கள். உரிமம் முடிகிறது. புதுப்பிக்க ஆளும் இல்லை, நிதியும் இல்லை. அதற்கடுத்த ஆம்புலன்ஸ் ஐம்பத்திரண்டு மைலில் இருக்கிறது. போன வருடம் ஓரினின் மனைவி டெல்லா அடுக்களையில் மயங்கி விழுந்தபோது ஆம்புலன்ஸ் வர பதினொரு நிமிடம் ஆனது. தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்தபடி அடுப்பிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்கு அது சரியாகத் தெரியும். இன்னும் பத்து நிமிடம் தாமதமாகியிருந்தால் முடிந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு மாவட்டங்கள் சேர்ந்து ஒரே சேவை நடத்த, மாநிலம் சம்பளம் தருவதற்கான மசோதாவை ஓரினும் மார்லிஸும் கோடையில் எழுதினார்கள். மார்லிஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். முதல் பக்கத்தில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. அவை கூடாமல் அதை யாரும் எடுக்க முடியாது.

கண் மருத்துவமனையில் மார்லிஸ் உள்ளே போனதும் ஓரின் தன் கட்சித் தலைவர் விட்டேக்கரை அழைத்தார். கொஞ்சம் தாமதமாகலாம் என்று சொல்வதற்காக மட்டும்தான். ஏன் என்று விட்டேக்கர் கேட்டதும் யோசிக்காமல் சொல்லிவிட்டார்: மார்லிஸைக் கண் டாக்டரிடம் கூட்டிவந்திருக்கிறேன், சொட்டு மருந்து போட்டிருக்கிறார்கள், சாயங்காலம் வரைக்கும் கண் சரியாகத் தெரியாது.

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சுரங்கப்பாதை வழியா கூட்டிட்டு வாங்க," என்றார் விட்டேக்கர். "லிஃப்ட்ல ஏறி, கதவத் தாண்டினாப் போதும். அதுக்கப்புறம் அந்தம்மா கத்தினாலும் உள்ள இருக்கறவங்க உள்ள இருக்கறவங்கதான். உங்க ஆம்புலன்ஸ மொத வாரமே எடுக்கறேன். இது என் வாக்கு."

ஓரின் பதில் சொல்லாமல் போனைச் சட்டைப்பையில் வைத்தார். பதில் சொல்லாததும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளப்படும் என்று அவருக்குத் தெரியும்.

மார்லிஸ் பெரிய கறுப்புக் கண்ணாடியோடு வெளியே வந்தார். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுபோல முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார். "எல்லாம் பால் ஊத்தினமாதிரி இருக்கு. நீ கூட லட்சணமாத் தெரியற," என்றார். பிறகு கையை நீட்டினார். ஓரின் முழங்கையைக் கொடுத்தார்.

தலைநகரில் இந்தக் குளிரில் யாரும் தெருவில் நடப்பதில்லை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து சுரங்கப்பாதை போகிறது. "என்னைக் கேண்டீன்ல விட்டுட்டுப் போ," என்றார் மார்லிஸ். "அவைக்குள்ளதான் போகக்கூடாது. சூப் குடிக்கறதுக்கு யாரும் தடை போடல." பாதை ஓரிடத்தில் பிரிகிறது. இடப்பக்கம் கேண்டீன். வலப்பக்கம் அவைக்குப் பின்னால் திறக்கும் லிஃப்ட்.

ஓரின் வலப்பக்கம் திரும்பினார்.

இப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் தீர்மானித்திருக்கவில்லை. கால்கள் எட்டு வருடமாகப் போகும் வழி அது என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். பதினொரு நிமிடம் என்றும் சொல்லிக்கொண்டார். முழங்கையில் மார்லிஸின் விரல்கள் கனமேயில்லாமல் இருந்தன. பிடிமானத்துக்காகப் பிடிக்கிற பிடி அது இல்லை. பழக்கத்தில் வைத்த கை. லிஃப்டின் பித்தளைக் கதவு தெரிந்தது. இருபது அடி. பதினைந்து அடி. ஓரின் நின்றார்.

"இது கேண்டீன் வழி இல்ல," என்றார் அவராகவே.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"சூப் வாசனை பின்னால போயிருச்சே."

ஓரினுக்குக் காது வரை சூடேறியது. அவரைக் கடந்து போன ஒரு பெண் தலையசைத்துவிட்டுப் போனார். ஓரின் கண்டுகொள்ளவில்லை.

"தெரிஞ்சும் ஏன் கூட வந்த?"

"நீ எவ்வளவு தூரம் போவேன்னு பாத்தேன்." மார்லிஸ் கறுப்புக் கண்ணாடியை மூக்கின்மேல் சரிசெய்தார். குரல் இறங்கியது. "நான் எவ்வளவு தூரம் வருவேன்னும் தெரியல ஓரின். எனக்கே தெரியல."

இருவரும் அங்கேயே நின்றார்கள். லிஃப்ட் வந்து திறந்தது. யாரும் ஏறவில்லை. மூடிக்கொண்டது. ஓரின் மெல்ல அவரைத் திருப்பி, வந்த வழியே நடத்திக்கொண்டு போனார். கேண்டீனில் சுவரோரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, காய்கறி சூப்பை முன்னால் வைத்து, ஸ்பூனை அவர் கையில் கொடுத்தார்.

"விட்டேக்கர் உன்னத் தின்னுடுவாரு," என்றார் மார்லிஸ்.

"எனக்குப் பெரிய உடம்பு. நேரமாகும்."

அவைக்குள் ஓரின் நுழைந்தபோது விட்டேக்கர் எழுந்து நின்றார். ஓரினின் தோளுக்குப் பின்னால் பார்த்தார். கதவு மூடிக்கொண்ட பிறகும் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு அவைச் செயலர் பெயர்களை வாசித்தார். ஒரு பக்கம் ஐம்பது பேர் 'இருக்கிறேன்' என்றார்கள். மறுபக்கம் ஐம்பது மேசைகள் துடைத்து வைத்தாற்போலக் கிடந்தன. இறந்தவருடைய மேசையில் யாரோ ஒரு வெள்ளைப் பூங்கொத்து வைத்திருந்தார்கள். ஐம்பது பேர், போதவில்லை, என்று செயலர் சொல்ல வாயெடுத்தபோது விட்டேக்கர் துள்ளி எழுந்து மேலே கை நீட்டினார்.

"அதோ! அந்தம்மா இருக்காங்க! எண்ணுங்க!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பார்வையாளர் மாடத்தின் முதல் வரிசையில், கறுப்புக் கண்ணாடியோடு, மார்லிஸ் கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி ஓர் இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்துகொண்டிருந்தார். கேண்டீனிலிருந்து அவ்வளவு படிகள் எப்படி ஏறினார், யாரைக் கேட்டு ஏறினார் என்று ஓரினுக்குத் தெரியவில்லை. மாடம் அவை ஆகாது என்றார் செயலர். கூரை ஒன்றுதானே என்றார் ஒருவர். அப்படியானால் மேலே இருக்கும் பள்ளிப் பிள்ளைகளையும் எண்ணுங்கள் என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. விட்டேக்கர் விதிப் புத்தகத்தைக் கேட்டார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு பக்கங்களை வாசித்தார்கள். மாடத்திலிருந்து அவைக்கு இறங்கி வருவதற்கு ஒரு வளைந்த படிக்கட்டு இருக்கிறது. பதினாறு படிகள். மார்லிஸ் அதன் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தார்.

அவர் கையைத் தூக்கி அசைத்தார். காலியாகக் கிடந்த மேசைகளைப் பார்த்து அசைத்தார். ஓரின் அந்தப் பக்கம் இருப்பதாக நினைத்துக்கொண்டார் போலும். பதில் வராததால் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, கண்ணைச் சுருக்கி, மறுபடியும் அசைத்தார்.

ஓரின் எழுந்தார். உட்காருங்கள் என்று பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் நடுவழியைக் கடந்து, மார்லிஸ் கையசைத்த பக்கத்துக்குப் போய், காலி மேசைகளுக்கு நடுவே நடந்து, எட்டாவது வரிசையில் கிவேலா என்று பெயர்ப்பலகை இருந்த மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். செயலரின் பேனா தாளின்மேல் நின்றது. ஓரின் மேலே பார்த்து, பெரிதாகத் தெரியும்படி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி அசைத்தார்.