குடும்பமாக வரவேணும்

அன்று அந்த அறையில் இருந்தவர்களின் பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் ஒருவரும் கூட்டியோ குறைத்தோ கதைக்கக் கூடாது. நான், ஸ்ரீஸ்கந்தராசா. என் மனைவி தவமணி. எங்கள் மகன் பிரசாந், அவன் மனைவி நிரூபா. என் தம்பி யோகராசா, அவன் மனைவி பவளம். பிள்ளைகளுக்குப் பொறுப்பான அலுவலர் ஸ்டெபனி. கூட்டத்தை நடத்திய மாக்கஸ். நிரூபாவின் பக்கத்துக் கதிரையில் றோசலின். வேறு யாரும் இல்லை. என் பேரப்பிள்ளைகள் மிதுனனும் நிலாணியும் அங்கே இல்லை. அவர்களைப் பற்றித்தான் கூட்டம்.

யோகராசாவும் பவளமும் அந்த அறைக்கு எப்படி வந்தார்கள் என்பதைத்தான் எழுத வேண்டும்.

பிரசாந் எல்லை தாண்டி அமெரிக்காவுக்கு லொறி ஓட்டுகிறவன். போனால் வர நாலைந்து நாளாகும். நிரூபா மோர்னிங்சைட்டில் ஒரு அப்பார்ட்மென்டில் பிள்ளைகளோடு இருப்பாள். கடந்த மாரிக் குளிரில் அவளுக்கு நித்திரை இல்லாமல் போனது. பிறகு சாப்பாடு. ஒருநாள் காலை, மேல்கோட்டும் இல்லாமல் வெளியே போய் பஸ்ஸில் ஏறி, கடைசித் தரிப்புவரை போய், இறங்க மாட்டேன் என்று இருந்துவிட்டாள். சின்னவள் நிலாணி தாயைத் தேடிக் காலுறையோடு நடைவழியில் நின்று அழுதிருக்கிறாள். எதிர் வீட்டுக்காரி சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள். அன்று மத்தியானமே பிள்ளைகளை அலுவலகத்தார் கூட்டிக்கொண்டு போய் பிக்கரிங் பக்கத்தில் ஒரு வளர்ப்பு வீட்டில் விட்டார்கள். நிரூபாவைச் சில வாரம் ஆஸ்பத்திரியில் வைத்தார்கள்.

நாங்கள் வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். நானும் தவமணியும் இருப்பது ஸ்காபரோவில் முதியோருக்கான கட்டடம். ஒரு படுக்கையறை. பிள்ளைகளை அங்கே தங்கவைக்க அனுமதி இல்லை.

சொந்தக்காரர் கேட்டார்கள். பிள்ளைகள் மொன்றியலில் நிரூபாவின் பெரியம்மாவோடு நிற்கிறார்கள் என்று சொன்னேன். அங்கே பிரெஞ்சும் படிக்கலாம் என்று சேர்த்துச் சொன்னேன். எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு நான் பதினொரு வருடமாகத் தலைவர். என் வீட்டு விசயம் தேநீர்க் கோப்பையோடு மண்டபத்தில் சுற்றி வருவதை நான் விரும்பவில்லை. இதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை, குடும்பத்தின் பெயரைக் காப்பது மூத்தவனின் வேலை.

றோசலினை நிரூபாதான் கூட்டிவந்தாள். ஒருகாலத்தில் தங்கள் பிள்ளைகளை அலுவலகத்திடம் பறிகொடுத்து, பிறகு திருப்பி எடுத்த தாய்தகப்பன்மார் சிலர், இப்போது அதே நிலையில் இருப்பவர்களுக்குத் துணையாக நிற்கிறார்கள். பியர் அட்வகேற் என்று பெயர். வக்கீல் அல்ல, அலுவலகத்து ஆளும் அல்ல. கூட்டத்துக்குக் கூட வருவார்கள், பயப்படும்போது பக்கத்தில் இருப்பார்கள், என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லித் தருவார்கள்.

"நீர் எந்த ஊர்?" என்று கேட்டேன்.

"மன்னார், அங்கிள். முருங்கன்."

"உம்மடை பிள்ளையள்?"

"ரெண்டையும் எடுத்தவங்கள். ரெண்டும் வந்திட்டுதுகள். மூத்தவள் றெபேக்காவுக்கு இருபத்தொரு வயசு. இப்ப வீட்டை விட்டுப் போறாள் இல்லை எண்டுதான் எனக்குக் கரைச்சல்."

தவமணி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்ததை ஒரு பெண் முதல் சந்திப்பிலேயே, விலாசம் சொல்வதுபோலச் சொல்வதை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

முதல் கூட்டம் வைகாசியில் நடந்தது. பெரிய மேசை, சுற்றிவரப் பதினாறு கதிரைகள். எங்கள் பக்கத்தில் ஐந்து பேர். ஸ்டெபனி நிரூபாவைப் பார்த்து, இப்போது நித்திரை எப்படி என்று கேட்டார். நல்லாக இருக்கிறது என்று நான் சொன்னேன். மருந்து ஒழுங்காக எடுக்கிறாரா என்று கேட்டார். மருந்துக்கு அவசியமில்லை, பிள்ளைகள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். நிரூபா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மாக்கஸ் கேட்டார், பிரசாந் ஓட்டத்தில் இருக்கும்போது இந்தத் தாயோடு நிற்க யார் இருக்கிறார்கள் என்று. எங்களுடையது பெரிய குடும்பம், என் எழுபதாவது பிறந்தநாளுக்கு இருநூறு பேர் வந்தார்கள் என்று சொன்னேன். அவர் மரியாதையான மனிதர். வெறுமையாய்க் கிடந்த கதிரைகளை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான்.

அப்போதுதான் ஸ்டெபனி அடுத்த செய்தியைச் சொன்னார். பிக்கரிங் வளர்ப்பு வீட்டார் ஆனி மாதத்தோடு அந்த வேலையை விடுகிறார்கள். இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து எடுக்க வேறு வீடு இல்லை. அடுத்த கூட்டத்துக்குள் தாய்க்குத் துணை யார் என்று தெளிவாகாவிட்டால், மிதுனன் ஒரு வீட்டுக்கும் நிலாணி வேறொரு வீட்டுக்கும் போக வேண்டி வரும்.

கார்த் தரிப்பிடத்தில் தவமணி அழுதாள். பிரசாந் தன் காரின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். றோசலின் என்னிடம் வந்தாள்.

"அங்கிள், கோவிக்காதேங்கோ. அந்த இருநூறு பேரிலை ஒரு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரேலாதோ?"

"அவையளுக்கு இது தெரியாது."

"தெரியாட்டி எப்பிடி வருவினம்?"

"அதுக்கு?"

"சொல்லத்தான் வேணும்."

சொல்லுவது என்பதற்கு எங்களிடையே ஒரு முறை இருக்கிறது. கலியாணத்துக்கு, புதுவீட்டுக் குடிபூரலுக்கு அழைக்க, வீட்டுக்குப் போய் நின்று சொல்ல வேண்டும். மூத்தவர் போக வேண்டும். செத்தவீட்டுக்கு யாருக்கும் சொல்வதில்லை, கேள்விப்பட்டவர்கள் வருவார்கள். இது இரண்டிலும் சேராத ஒன்று. இதற்கு எப்படிச் சொல்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அதிலும் முதலில் சொல்ல வேண்டியவன் என் தம்பி யோகராசா. றிச்மண்ட் ஹில்லில் வீடு வாங்கியபோது அவன் தன் குடிபூரலுக்கு எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். பிள்ளையார் படம், கீழே விலாசம். உடன்பிறந்த தமையனுக்கு. நான் போகவில்லை. அதன் பிறகு நாங்கள் கதைப்பதும் இல்லை.

"வேணுமெண்டால் நான் அவருக்குப் போன் பண்ணிச் சொல்லட்டோ?" என்றாள் றோசலின்.

"போனிலை சொன்னால் காணுமெண்டால் நான் அவன்ரை குடிபூரலுக்கே போயிருப்பன்."

"சரி. அப்ப சனிக்கிழமை நல்ல உடுப்பா உடுத்துங்கோ. நான் காரைக் கொண்டுவாறன். அதுக்கு முதல் ஒரு வேலை இருக்கு."

"என்ன?"

"நிரூபாவிட்டைக் கேக்கவேணும். இது அவவின்ரை வருத்தம். அவ ஓமெண்டால்தான் நீங்கள் வெளியிலை சொல்லலாம்."

மருமகளிடம் நான் அனுமதி கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பழக்கம் இல்லை. அன்று பின்னேரம் மோர்னிங்சைட்டுக்குப் போனேன். நிலாணியின் சின்னக் காலுறைகளை நிரூபா கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் ஏற்கெனவே மடித்தவைதான்.

"பிள்ளை, யோகனுக்குச் சொல்லலாமெண்டு பாக்கிறன். நீ என்ன சொல்லுறாய்?"

அவள் கையிலிருந்த காலுறையை விரித்து, திரும்பவும் மடித்தாள்.

"என்ன எண்டு சொல்லுவியள், மாமா? நித்திரைக் குறைவு எண்டோ?"

"இல்லை. டொக்டர் என்ன பேர் சொன்னாரோ, அதைத்தான்."

"அப்ப சொல்லுங்கோ," என்றாள்.

சனிக்கிழமை வேட்டி உடுத்து, சால்வை போட்டுக்கொண்டு றிச்மண்ட் ஹில்லுக்குப் போனேன். றோசலின் காரிலேயே இருந்தாள். கதவைத் திறந்த பவளம் என் வேட்டியைப் பார்த்தாள். கையில் அழைப்பிதழ் இருக்கிறதா என்றும் பார்த்தாள்.

"வாங்கோ அத்தான். என்ன விசேஷம்?"

யோகராசா சோபாவிலிருந்து எழும்பினான். "வழி தெரிஞ்சு வந்திட்டீங்களோ, அண்ணை? நான் விலாசம் அனுப்பினது ரெண்டு வருசத்துக்கு முதல்."

"இருக்கேலாது, சொல்லவந்தனான்," என்றேன். சொல்ல வந்தவர் நின்றுகொண்டுதான் சொல்வது வழக்கம். அவர்களும் எழும்பி நின்றார்கள்.

"வாற புதன்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்கு, பிள்ளையளுக்குப் பொறுப்பான அலுவலகத்திலை ஒரு கூட்டம். மிதுனனும் நிலாணியும் மொன்றியல்லை இல்லை. மாசி மாசம் தொட்டு வளர்ப்பு வீட்டிலை நிக்கினம். நிரூபாவுக்கு மனவருத்தம். டொக்டர் அதுக்கு டிப்ரஷன் எண்டு பேர் சொன்னவர். மருந்து எடுக்கிறாள். தாய்க்குத் துணை ஆர் எண்டு கேக்கிறாங்கள். சொல்லாட்டி ரெண்டு பிள்ளையளையும் பிரிச்சுப்போடுவாங்கள். நீங்கள் ரெண்டு பேரும் குடும்பமா வந்து நிண்டு நடத்தித் தரவேணும்."

கடைசி வசனம் தானாக வந்தது. ஐம்பது வருடமாகக் கலியாணங்களுக்குச் சொல்லிப் பழகிய வாய்.

பவளம்தான் முதலில் வாய் திறந்தாள்.

"மொன்றியல்லை அந்தப் பெரியம்மா செத்து மூண்டு வருசம், அத்தான். நான் செத்தவீட்டுக்குப் போனனான்."

எனக்கு அது தெரியாது. நிரூபாவின் பக்கத்துச் செத்தவீடுகளை நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. நான் மொன்றியல் என்று சொன்னபோது வீட்டில் ஒருவரும் என்னைத் திருத்தவும் இல்லை.

"அப்ப உமக்குத் தெரியும்?"

"மொன்றியல் இல்லை எண்டு தெரியும். என்ன எண்டு தெரியாது."

"ஏன் வந்து கேக்கேல்லை?"

"நீங்கள் சொல்லேல்லை," என்றாள். "சொல்லாத வீட்டுக்கு எப்பிடி வாறது?"

யோகராசா தொண்டையைச் செருமினான். குடிபூரலைப் பற்றி இன்னொன்று சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். சொல்ல அவனுக்கு உரிமையும் இருந்தது.

"வட்ஸ்அப்பிலை அனுப்பியிருந்தா நானும் வந்திருக்கமாட்டன்," என்றான். "மூண்டு மணியோ? நான் லீவு போடுறன். இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். வெளியிலை காரிலை ஆர் இருக்கினம்? அவவையும் கூப்பிடுங்கோ."

புதன்கிழமை மூன்று மணிக்கு நான் முதலில் சொன்ன எல்லோரும் அறையில் இருந்தோம். உள்ளே போகுமுன் றோசலின் என் சால்வையைச் சரிசெய்வதுபோலக் கிட்ட வந்தாள்.

"அங்கிள், இண்டைக்கு உங்களிட்டைக் கேட்டால் மட்டும் நீங்கள் சொல்லுங்கோ."

"எனக்குத் தெரியும்."

"தெரியும் எண்டு எனக்கும் தெரியும்."

ஸ்டெபனி நித்திரையைப் பற்றிக் கேட்டார். வாய்வரை வந்ததை நான் விழுங்கினேன். றோசலினும் உதவிக்கு வரவில்லை. நிரூபாவின் கதிரையோடு தன் கதிரையைக் கொஞ்சம் நெருக்கி வைத்துக்கொண்டாள்.

"இப்ப ஆறு மணித்தியாலம் வருது," என்றாள் நிரூபா. பிரசாந் ஆங்கிலத்தில் சொன்னான். "ரெண்டு நாள் நித்திரை வராட்டி அது திரும்ப வருகுது எண்டு அர்த்தம். அது எனக்கு விளங்கும். போனமுறையும் எனக்கு விளங்கினது. சொல்ல ஆளில்லை."

அந்தக் கடைசி வசனத்தைப் பிரசாந் மொழிபெயர்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தான்.

"இனி வந்தால் யாருக்குச் சொல்வீர்கள்?" என்று மாக்கஸ் கேட்டார்.

நிரூபா மேசையின் மற்றப் பக்கத்தைப் பார்த்தாள். "பவளம் மாமிக்கு."

"எனக்குத்தான்," என்றாள் பவளம், ஆங்கிலத்தில், பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது சொல்வதுபோல. "எந்த நேரமும். நான் கார் ஓட்டுவேன். என்னிடம் இரண்டு படுக்கையறை சும்மா கிடக்கிறது. தேவையென்றால் தாயும் பிள்ளைகளும் மூன்று பேரும் வந்து நிற்கலாம்."

பிரசாந் தூர ஓட்டத்தை விட்டு, மாலையில் வீடு வரும் ஓட்டத்துக்கு மாறுவதாகச் சொன்னான். அது எனக்குப் புதிது. தவமணி மூன்று நாள் பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள். மாக்கஸ் கடைசியாக என்னிடம் கேட்டார், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று. யாரிடம் போய்ச் சொல்ல வேண்டுமோ, அவர்களிடம் நான் போய்ச் சொல்வேன் என்றேன். பிரசாந் அதை எப்படி மொழிபெயர்த்தான் என்று தெரியாது. மாக்கஸ் தலையாட்டினார்.

பிள்ளைகளைப் பிரிக்கவில்லை. முதலில் சனி ஞாயிறு வந்தார்கள். ஆனி கடைசியில் பையோடு வந்துவிட்டார்கள். ஸ்டெபனி இன்னும் மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கிறார். நிரூபா அவருக்கு றோல்ஸ் பொரித்துக் கொடுக்கிறாள். அது லஞ்சமாகிவிடும் என்று றோசலின் சொல்ல, ஸ்டெபனி ஒன்றை மட்டும் எடுக்கிறார்.

ஆடியில் எங்கள் ஊர்ச் சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடல். பார்க்கில் நல்ல சனம், கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. மிதுனன் கிரிக்கெட் பந்தோடு ஓட, நிலாணி பவளத்தின் இடுப்பில் இருந்தாள். செயலாளர் நாகேஸ்வரன் நல்ல மனிதர், ஒலிவாங்கி கிடைத்தால் மட்டும் கொஞ்சம் கூடக் கதைப்பார்.

"இண்டைக்கு எங்களோடை விசேஷமா, மொன்றியல்லை பிரெஞ்சு படிச்சுப்போட்டுத் திரும்பி வந்திருக்கிற எங்கடை தலைவரின்ரை பேரப்பிள்ளையள்—" என்று தொடங்கினார். சனம் கைதட்டியது.

நான் எழும்பிப் போய்க் கையை நீட்டினேன். நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்து அவர் ஒலிவாங்கியைத் தந்தார். கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் நின்ற நிரூபாவைப் பார்த்தேன். அவள் கையில் அகப்பையோடு என்னைப் பார்த்தாள். பிறகு தலையை ஒருமுறை ஆட்டினாள்.

"ஒரு திருத்தம்," என்றேன். "பிள்ளையள் மொன்றியலுக்குப் போகேல்லை. தாய்க்கு மனவருத்தம் வந்து, நாலு மாசம் வளர்ப்பு வீட்டிலை நிண்டவை. இப்ப தாயோடை நிக்கினம். மொன்றியல் எண்டு சொன்னது நான். அது பிழை."