ஷாஸியாவின் கம்மலும் தெருவின் தூக்கமும்

ஷாஸியா செய்த கம்மலைக் காதில் மாட்டியவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனார்கள். தண்டையார்பேட்டையில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தண்ணி லாரி எந்தத் தெருவுக்கு வந்திருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவார்கள். துறைமுகத்தில் வெட்டிப் போடுகிற கன்டெய்னர் சீல் கம்பியை வெள்ளியோடு முறுக்கிச் செய்த கம்மல்கள் அவை. டிரெய்லர் லாரிகள் விடிய விடிய ஓடுகிற ஊரில் ஒழுங்காகத் தூங்கியவர்கள் யாருமில்லை என்பதால் வாங்க ஆளுக்குக் குறைவில்லை. வாங்கினவர்கள் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கல்யாணம் காட்சிக்கு வேறு கம்மல் போட்டுப் போனார்கள். ஷாஸியாவுக்கு அதுதான் ஆறாத குறை. கண்ணாடியில் பார்த்து, அழகாக இருக்கிறது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. மாட்டின கை கீழே இறங்குவதற்குள் கண் சொருகிவிடும். அவள் போட்டால் மட்டும் அவளுக்குத் தூக்கம் வராது. வருஷங்கள் இப்படியே போய் அவளும் அலுத்துவிட்டாள். கடைசியாக ஒரே ஒரு நிகழ்ச்சி, அதிலும் யாரும் பார்க்கவில்லையென்றால் பட்டறையை மூடிவிட்டு மண்ணடியில் ஏதாவது ஷிப்பிங் ஆபீசில் பில் அடிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

நிகழ்ச்சிக்குத் திட்டம் போட்டவள் ஜானட். ராயபுரத்துக்காரி, கூடப் படித்தவள், கம்பெனிகளுக்கு விழா எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். நகை தெரிந்த பன்னிரண்டே பேர், ஷாஸியா வீட்டு மாடி ஹாலில், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு. ஆளுயரக் கண்ணாடி, கடுந்தேநீர், உட்கார ஒரு நாற்காலி கிடையாது. "நின்னுகினே எவடி தூங்குவா?" என்றாள். திட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஷாஸியாவின் அம்மா ரசூல் பீவியிடம் அதை யாரும் விளக்கிச் சொல்லவில்லை என்பதைத் தவிர. வீட்டில் விசேஷம் வைத்துவிட்டுத் தெருவுக்குச் சொல்லாமல் இருக்க ரசூல் பீவிக்குத் தெரியாது. சனிக்கிழமை புர்காவை மாட்டிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி, "நாளிக்கு நாலு மணிக்கு, வூட்டோட வந்துடுங்க" என்று அழைத்தாள். வூட்டோட என்று கூப்பிட்டால் அந்த வேளைக்கு யாரும் அடுப்பு பற்றவைக்கமாட்டார்கள். வருகிறவர்களை நிற்கவைத்தால் மரியாதையில்லை என்று ஹால் முழுக்க ஜமக்காளமும் விரித்துவிட்டாள்.

பன்னிரண்டு பேர் காரில் வந்தார்கள், தெரு நடந்து வந்தது. பரப்பிவைத்திருந்த கம்மல்களை விசேஷ வீட்டு உபசாரம் என்று நினைத்துப் பெண்கள் ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டார்கள். கார்க்காரர்களும் விட்டுக்கொடுக்கவில்லை. தேநீர் ஆறுவதற்குள் ஹால் தூங்கிவிட்டது. நுங்கம்பாக்கத்துப் பெண்மணி ஒருத்தி, மீன் விற்கும் மங்கம்மாவின் மடியில் தலைவைத்துக் குறட்டை விட்டாள். ஜானட் எல்லாரையும் தட்டித் தட்டி எழுப்பிப் பார்த்தாள். பிறகு, "போடி, என்னாலயும் முடியல" என்று தானும் ஒன்றை மாட்டிக்கொண்டு சுவரோரம் சாய்ந்தாள். ஷாஸியா மட்டும் கண்ணாடிக்குப் பக்கத்தில் விழித்துக்கொண்டு நின்றாள். அழுகைகூட வரவில்லை. உடம்பெல்லாம் வலித்தது.

ஆறு மணி வாக்கில் எதிர்வீட்டு வரலட்சுமி எழுந்தாள். காசிமேட்டு ஐஸ் பேக்டரியில் இரவு ஷிப்ட் அவளுக்கு. கம்மல் காதில்தான் இருந்தது, ஆனாலும் கண் தெளிவாகத் திறந்திருந்தது. பிறந்ததிலிருந்து பாக்கி வைத்த தூக்கத்தையெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில் தூங்கி முடித்துவிட்டாள், இனி கம்மல் அவளிடம் செய்ய வேண்டிய வேலை ஒன்றுமில்லை. முகம் கழுவப் போனவள் கண்ணாடிமுன் நின்றாள். இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். முடியை ஒதுக்கிவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"இத்த நீயா செஞ்ச?"

ஷாஸியா தலையாட்டினாள்.

"இன்னா அழகா கீது! இது எங்காதுதானான்னு கீது மா. இத்தயே போட்டுகினு வேலைக்குப் போறேன், இன்னா?"

அவள் கம்மலோடு படியிறங்கித் தெருவில் நடந்து போவதை ஷாஸியா ஜன்னலில் பார்த்தாள். திருப்பத்தில் நின்றிருந்த லாரியின் கண்ணாடியிலும் வரலட்சுமி ஒருமுறை காதைப் பார்த்துக்கொண்டாள். ஷாஸியா வந்து ஜானட்டின் பக்கத்தில் படுத்தாள். காதில் ஒன்றுமில்லை. படுத்ததும் தூங்கிப்போனாள். பிரியாணி தயார் என்று சொல்ல மாடியேறிய ரசூல் பீவி வாசலிலேயே நின்று எல்லாரையும் பார்த்தாள், விளக்கை அணைத்தாள், அடுப்பிலிருந்த தேக்சாவை மூடிவைக்கக் கீழே போனாள்.