காலேப் சுத்தம் செய்த மரம்

பெங்களூர் கம்பெனி தன்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டதைச் சித்தூரில் யாரிடமும் காலேப் சொல்லவில்லை. "சொந்த ஊருக்கு ஏதாவது செய்யலாம்னு வந்துட்டேன்" என்றே சொல்லிவந்தான். அந்த வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாகப் படுத்துக்கொண்டது பேப்பரிலேயே வந்திருந்ததால், கேட்டவர்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். தெரியாததுபோல் தலையாட்டினார்கள். அந்த மட்டில் ஊர் நல்ல ஊர்.

சொன்ன வாய்க்காக ஏதாவது செய்தாக வேண்டுமே. மே மாதம் சபை வளாகத்தில் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் வந்தது. பாட்டும் வசனமும் மட்டும் போதாது, சுற்றுச்சூழலும் சமூக சேவையும் வேண்டும் என்று ஆயரைப் பேசி மடக்கி, முப்பது பிள்ளைகளையும் ஒரு விசிலையும் வாங்கிக்கொண்டான். கம்பெனியில் அவனுக்குக் கீழே ஒருவர்கூட வேலை பார்த்ததில்லை. விசில் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

அவனுக்கும் டெபோராவுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்கு அலைந்து ஓய்ந்த ஒருநாள், "இனிமே அந்தப் பேச்சே வேணாம், நமக்கு அந்தக் கவலையே இல்ல" என்று அவன்தான் தீர்ப்புச் சொன்னான். அந்த 'நமக்கு'க்குள் டெபோராவையும் அம்மா ஞானசௌந்தரியையும் கேட்காமலே சேர்த்துக்கொண்டான். முகாமின் முதல் நாள் மைக்கைப் பிடித்து, "இந்த முப்பது பேரும் எங்க புள்ளைங்கதான்" என்று பேசி, தன் பேச்சில் தானே கண்கலங்கினான். டெபோரா உப்புமா கிளற எழுந்து போய்விட்டாள். அவளுக்கு எவ்வளவு பொறுப்பு என்று அதற்கும் பெருமைப்பட்டான்.

சேவை நாளன்று ஊருக்கு வெளியே ஏரிக்கரைக்கு அணிவகுப்பு. கரைமேல் ஒரு பெரிய அரசமரம். கிளைக்குக் கிளை கந்தலும் கயிறும் பாலித்தீனும் தொங்கின. மிஷன் வளாகத்திலும் ஹாஸ்டலிலும் வளர்ந்த காலேப், இப்படிப்பட்ட மரங்களை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறான். யாரோ துணி உலர்த்துகிறார்கள் என்று நினைத்திருந்தான்.

"மரத்துக்கு மூச்சு முட்டுது பாருங்க" என்றான். ஒரு சிறுமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் விசிலை ஊதிவிட்டான்.

பிள்ளைகள் குரங்குகளாகத் தாவி ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் மரம் துடைத்துவிட்டதுபோல் நின்றது. மக்கும் குப்பைக்கு ஒரு கோணிப்பை, மக்காத குப்பைக்கு ஒன்று. தரம் பிரிப்பதைப் பற்றி அவன் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தபோது பத்மினி என்ற சிறுமி எதையோ தூக்கிக் காட்டினாள்.

"அங்கிள், இது மக்குமா, மக்காதா?"

வாத்தியார் முகத்தோடு வாங்கிப் பார்த்தான். சின்னத் துணித் தொட்டில். இரண்டு முனையிலும் நூல் கட்டி, உள்ளே ஓர் உருண்டைக் கல்லைப் படுக்க வைத்திருந்தார்கள். நீல பனியன் துணி. அதில் வெள்ளை எழுத்தில் அவனுடைய பெங்களூர் கம்பெனியின் பாதிப் பெயர் இருந்தது. அந்தப் பனியனை இந்த ஊரில் போட்டுத் திரிந்தவன் அவன் ஒருவன்தான்.

ஆடு மேய்த்துக்கொண்டு வந்த கன்னியம்மாள் என்ற பெண் மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னா சார், எல்லாத்தையும் அவுத்துப் போட்டுக்கினு கீறீங்க? புள்ள இல்லாதவங்க கட்டின தொட்டில் சார் இதெல்லாம். பொறந்தப்புறம் அவங்களே வந்து அவுப்பாங்க."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்குச் சுற்றுச்சூழலைப் பற்றி ஏதாவது பேசித் தப்பித்திருப்பான்.

மோர்க் குண்டானோடு டெபோரா ஆட்டோவில் வந்து இறங்கினாள். அவளை ஓரமாகக் கூட்டிப்போய் நீலத் தொட்டிலை நீட்டினான்.

"என்கிட்ட சொல்லாம எப்போ கட்டின?"

டெபோரா அதைப் பார்த்தாள். மரத்தைப் பார்த்தாள். கோணிப்பைக்குப் போய்க் குனிந்து துழாவி, பச்சைப் புடவைக் கிழிசலில் செய்த ஒரு தொட்டிலை எடுத்து, தூசி தட்டினாள்.

"என்னுது இது."

"அப்ப இது?"

"அத்தையோடதா இருக்கும். போன மாசம் உங்க பனியனைக் கத்தரிச்சிக்கினு இருந்தாங்க. கேட்டா கரித்துணிக்குன்னாங்க."

ஞானசௌந்தரி சபையின் மாதர் சங்கத் தலைவி. அரசமரம் சுற்றும் பெண்களுக்காக வெள்ளிக்கிழமை தவறாமல் கண்ணீரோடு ஜெபிப்பவர்.

"ரெண்டு பேருக்கும் மனசுல இவ்ளோ இருந்திருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்களுக்குத்தான் கவலையே இல்லன்னுட்டீங்களே" என்றாள் டெபோரா. "வீட்ல அழ எடமில்ல. இங்க வந்தோம்."

அவன் நீலத் தொட்டிலோடு மரத்தடிக்குத் திரும்பினான். கன்னியம்மாள் சொல்லிக்கொடுக்க, பிள்ளைகள் தொட்டில்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். ஆயருக்கு என்ன பதில் சொல்வது என்பதை ஆயர் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். தொப்பை இடிக்க அவனும் மரத்தில் ஏறினான். இரண்டு முறை சறுக்கியதில் கால்சட்டை முழங்காலில் கிழிந்தது.

அம்மாவின் தொட்டிலைக் கட்டினான். பக்கத்திலேயே, டெபோராவிடம் வாங்கி வந்த பச்சைத் தொட்டிலையும் கட்டினான். முடிச்சு சரியாக விழாமல் மூன்று முறை அவிழ்த்துக் கட்டினான். கீழே டெபோரா அண்ணாந்து நின்றாள்.

"எனக்கும் வேணும், டெபோரா" என்றான், முப்பது பிள்ளைகளும் கேட்க.