பதினான்காம் திருத்தமும் ஃபிர்தௌஸும்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மூசா தன் வீட்டு வாசலுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து காவல் காத்துக்கொண்டிருந்தார். பூட்டிய கதவுக்கு உள்ளே அவர் மனைவி ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று மணி நேரம் அந்த வீட்டில் அவளைத் தவிர யாரும் இருக்கக் கூடாது, வேறு குரல் கேட்கக் கூடாது என்பது விதி. மடிக்கணினியின் கேமரா வழியாக உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஓர் ஆள் அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பானாம். மூசா முந்தின நாளே அழைப்பு மணியின் வயரைக் கழற்றிவிட்டார். மேல்மாடி சூடானியரிடம் போய், பிள்ளைகள் காலையில் பந்து உதைக்காமல் இருந்தால் பெரிய உதவி என்று கேட்டுக்கொண்டார். பதினொரு வயது மகள் அஃபீஃபாவைக் கீழ்வீட்டுத் தோழியிடம் அனுப்பியாயிற்று. அதற்கு மேலும் மனம் ஒப்பாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். லிஃப்டிலிருந்து யார் இறங்கினாலும் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

மூசாவுக்குச் சவூதியின் அல் கோபார் நகரில், பழைய கடைவீதியில் பெட்டி விற்கும் கடை. துணிப்பெட்டி, சக்கரப் பெட்டி, கைப்பை எல்லாம் கிடைக்கும். பத்தொன்பது வருடமாக ஊருக்குப் போகிறவர்களின் முகத்தை மட்டுமே பார்த்துப் பழகியவர். ஃபிர்தௌஸ் அதிராம்பட்டினத்தில் பிளஸ் டூ முடித்த கையோடு கழுத்தை நீட்டியவள். இங்கே வந்து, அமெரிக்கப் பாடத்திட்டம் சொல்லிக்கொடுக்கும் பள்ளியொன்றின் நூலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். புத்தகங்களை அடுக்க வேண்டும், அட்டை கிழிந்தால் ஒட்ட வேண்டும். ஆறு வருடம் அடுக்கினாள். அடுக்கிய புத்தகங்களைப் படிக்கவும் செய்தாள். பட்டம் இருந்தால் ஆசிரியையாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று தலைமையாசிரியை ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னது அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அமெரிக்காவில் ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் இணைய வழியாகச் சேர்ந்தாள். என்ன பட்டம் படித்தாலும் அமெரிக்க அரசாங்கமும் அரசியல் சட்டமும் என்ற தாளில் தேறியே ஆக வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் சட்டம்.

நான்கு மாதம் அந்த வீட்டில் அமெரிக்காதான் பேச்சு. குளிர்பதனப் பெட்டியின் கதவு முழுக்கச் சீட்டுகள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே பாடம் சொல்லுவாள்.

"ஒருத்தர் கையிலயே எல்லாம் போயிடக் கூடாதுன்னு மூணாப் பிரிச்சு வச்சிருக்காங்க. சட்டம் போடுறவங்க ஒரு பக்கம், அத நடத்துறவங்க ஒரு பக்கம், சரியா தப்பான்னு பாக்குறவங்க ஒரு பக்கம்."

"நம்ம வீட்ல மூணும் நீதானே," என்றார் மூசா.

ஆனால் கிடியன் என்பவரின் கதையை அவள் சொன்னபோது மூசா சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். வக்கீல் வைக்க வழியில்லாத ஏழை. சிறையில் உட்கார்ந்துகொண்டு பென்சிலால் மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அந்த மனுவால்தான் அங்கே பெரிய குற்ற வழக்குகளில் சிக்கும் ஏழைகளுக்கு அரசாங்கமே வக்கீல் வைத்துக்கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. "பென்சில்லயா?" என்று இரண்டு தடவை கேட்டார். மறுநாள் பெட்டி வாங்க வந்த ஒரு பட்டுக்கோட்டைக்காரரிடம், ஏதோ தானே பக்கத்தில் நின்று பார்த்தவர் மாதிரி அந்தக் கதையைச் சொன்னார்.

எட்டு மணி பதினோரு நிமிடத்துக்குக் கதவு திறந்தது. ஃபிர்தௌஸ் நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னம்மா, நெட் போயிடுச்சா?"

"பரீட்சைய நிறுத்திட்டாங்க."

நடந்தது இதுதான். பரீட்சைக்கு முன் மேற்பார்வைக்காரன் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னான். காட்டினாள். மேசைக்கு அடியில் காட்டச் சொன்னான். காட்டினாள். பிறகு முக்காட்டை விலக்கிக் காதைக் காட்டச் சொன்னான். காதுக்குள் கருவி எதுவும் வைத்திருக்கிறாளா என்று பார்க்கும் சோதனை அது. ஒரு பெண் வந்து கேட்டால் காட்டுகிறேன், காத்திருக்கிறேன் என்றாள். பெண் யாரும் பணியில் இல்லை என்றான். அப்படியானால் வேறு நாள் கொடுங்கள் என்றாள். 'சோதனைக்கு மறுத்தார்' என்று திரையில் ஒரு வரி வந்தது, பிறகு திரை அணைந்தது.

மூசா பெருமூச்சு விட்டார். "காதுதானே ஃபிர்தௌஸு. ஒரு நிமிஷம் காட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். பூட்டுன ரூமு. யாருக்குத் தெரியப் போவுது?"

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. அவள் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்ல," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை மின்னஞ்சல் வந்தது. அந்தத் தாளுக்குப் பூஜ்ஜியம். கூடவே, தேர்வு ஒழுங்கை மீறியதாக அவள் பதிவில் ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பு இருக்கும்வரை மறுபடி எழுத முடியாது. நான்கு மாதப் படிப்பு போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. 'ஒழுங்கை மீறியவர்' என்ற சொல்தான் அறுத்தது. நூலகத்தில் ஒரு பக்கம் கிழிந்தால்கூடத் தன் தவறு என்று தானே போய்ச் சொல்கிறவள். மூன்றாம் நாள் மூசா கடையிலிருந்து வந்தபோது குளிர்பதனப் பெட்டியின் கதவு வெறுமையாக இருந்தது. எல்லாச் சீட்டுகளும் சாப்பாட்டு மேசையில் பரப்பிக் கிடந்தன. அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கும்மா?"

"யுனிவர்சிட்டிக்கு. அப்பீல்."

இந்தப் பத்தொன்பது வருடத்தில் மூசா யாரையும் எதிர்த்து ஒரு சொல் பேசியதில்லை. கடையை இரண்டு தடவை காலி பண்ணச் சொன்னார்கள், இரண்டு தடவையும் 'மாஃபி முஷ்கிலா' என்று சிரித்தபடியே பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லாமல் போய்விடும் என்பது அவர் கண்ட வழி. "நம்ம இருக்குற எடம் என்ன, நீ பேசுற பேச்சு என்ன," என்றார். "அவங்க அமெரிக்காக்காரங்க. அவங்க சட்டத்தையே எடுத்து அவங்களுக்குப் படிச்சுக் காட்டுனா சும்மா இருப்பாங்களா? பேரையே எடுத்துடுவாங்க."

"நான் சண்ட போடலைங்க, கேக்குறேன்." பேனாவைக் கீழே வைத்தாள். "இது தனியார் காலேஜா இருந்தா அவங்க அரசியல் சட்டம் ஒட்டாது, விட்டுருவேன். இது கவர்மெண்டு யுனிவர்சிட்டி. ஆனா என்னய நிறுத்துன ஆளு தனியார் கம்பெனி ஆளு. அவன் யாருக்காக வேல பாத்தான்? அதுதான் கேள்வி." ஒரு சீட்டை எடுத்து அவர் பக்கம் திருப்பினாள். அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதினான்காவது திருத்தம். "பாருங்க, ஒருத்தர்கிட்டேருந்து எதையாவது பறிக்கிறதுக்கு முன்னாடி முறைப்படி விசாரிக்கணும்னு இருக்கு. யார்கிட்டேருந்து? குடிமகன்னு போடல. நபர்னு போட்டிருக்கு. எந்த ஒரு நபரும்."

"நீ இங்கல்ல இருக்கே?"

ஃபிர்தௌஸ் முதல் தடவையாகச் சிரித்தாள். "கரெக்டாப் புடிச்சிட்டீங்க. அதுல எனக்கு நிச்சயமில்ல. அதனாலதான் அத ரெண்டாவதா வச்சிருக்கேன். மொதல்ல அவங்க கைப்புத்தகத்துல உள்ளது. தண்டன குடுக்குறதுக்கு முன்னாடி தகவல் சொல்லணும், மாணவர் பேசக் கேக்கணும்னு அவங்களே எழுதியிருக்காங்க. யாரு என்னயக் கேட்டா?"

ஏழு தடவை எழுதினாள். ஒவ்வொரு தடவையும் கடிதம் சுருங்கியது. முதல் பிரதியில் இருந்த வேதனையெல்லாம் ஏழாவதில் காணாமல் போய், ஒன்றரைப் பக்கம் மட்டும் மிஞ்சியது. அனுப்பும் பொத்தானை அழுத்துமுன் அவரைக் கூப்பிட்டாள். மூசா பக்கத்தில் வந்து நின்று பிஸ்மில்லா சொன்னார்.

பதினாறு நாள் கழித்து அழைப்பு வந்தது. ஒரு புதன்கிழமை, அவர்களுக்குக் காலை ஒன்பது, இங்கே மாலை ஐந்து. காணொளியில் மூன்று பேர் கொண்ட குழு விசாரிக்கும். மூசா நாலரைக்கே கடையைச் சாத்திவிட்டு வந்தார். அடுப்படியில் அவரும் அஃபீஃபாவும் நின்றுகொண்டார்கள். கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அவருடைய ஆங்கிலம் பெட்டியின் நீளம், அகலம், எடை, உத்தரவாதம் அளவுக்குத்தான் வரும். அதனால் மகள் காதோரம் தமிழாக்கிச் சொன்னாள்.

"ஒரு வயசான அங்கிள்தான் சேர்மன், வாப்பா. அவரு கேக்குறாரு, உங்களுக்கு விதிவிலக்கு வேணுமான்னு."

ஃபிர்தௌஸின் குரல் கேட்டது. வீட்டில் பேசும் குரல் இல்லை அது. நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"உம்மா நோ சொல்றாங்க. எனக்கு விதிவிலக்கு வேணாம், சோதன பண்ணுங்க, யாரு பண்றாங்கங்கிறதுதான் என் கேள்வி, அப்டீங்கிறாங்க."

கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம். தலைவர் ஏதோ நீளமாகக் கேட்டார். அஃபீஃபா புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். "நீங்க சவூதில இருக்கீங்க, எங்க கான்ஸ்டிட்யூஷன் அங்க வரைக்கும் வரும்னு சொல்றீங்களான்னு கேக்குறாரு, வாப்பா."

மூசா அன்று கேட்ட அதே கேள்வி. ஃபிர்தௌஸ் பேசினாள். அஃபீஃபா அதைச் சொல்லுமுன் வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள்.

"என்ன சொன்னா? சொல்லு புள்ள."

"'எனக்குத் தெரியாது சார், கோர்ட்டுலயே இன்னும் ஒத்த முடிவு வரல. ஆனா நான்தான் இங்க இருக்கேன், அந்த ஜீரோ அங்கதானே இருக்கு, நீங்க உக்காந்திருக்குற எடத்துல'ன்னு சொன்னாங்க."

திரையில் ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. தலைவர் சிரிக்கவில்லை. ஆனால் அவர் அடுத்துக் கேட்டதை மூசா மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்துகொண்டார். நீங்கள் சட்டம் படிக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, நான் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன் என்றாள் ஃபிர்தௌஸ்.

மூசாவுக்குத் தன் கல்யாண நாள் நினைவு வரவில்லை, ஊர் நினைவு வரவில்லை, வேறெதுவும் வரவில்லை. இந்தப் பெண்ணோடு பதினாறு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன், இவள் யாரென்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது என்று மட்டும் தோன்றியது. காதைப் பற்றித் தான் அன்று சொன்னது ஞாபகம் வந்து கூசியது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது, "நான் சொன்னது தப்பும்மா" என்றார். எதைச் சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை. "மீன எடுத்துக்குங்க" என்றாள்.

முடிவு பத்து நாளில் வந்தது. பூஜ்ஜியம் ரத்து. பதிவிலிருந்து குறிப்பு நீக்கம். மறு தேர்வுக்கு நாள் குறிக்கலாம். அரசியல் சட்டம் அங்கே வரை நீளுமா என்பதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. தங்கள் கைப்புத்தகத்தைத் தாங்களே பின்பற்றவில்லை என்று மட்டும் ஒப்புக்கொண்டார்கள். கடைசிப் பத்தியில் இன்னொன்றும் இருந்தது. தலையை மூடும் மாணவியர் சோதனைக்குப் பெண் மேற்பார்வையாளரைக் கேட்கலாம் என்று தேர்வு விதிகளில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அஃபீஃபா அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் திறந்து, வரியைப் பெரிதாக்கிக் காட்டினாள். "வாப்பா, திஸ் இஸ் உம்மாஸ் லைன்," என்றாள். மூசா அதைப் படம் பிடித்துத் தன் கைப்பேசியில் வைத்துக்கொண்டார். யாருக்கும் அனுப்பவில்லை. கடையில் ஆளில்லாத நேரத்தில் எடுத்துப் பார்ப்பார்.

மறு தேர்வும் ஒரு வெள்ளிக்கிழமையில் அமைந்தது. இந்தத் தடவை மூசாவைப் படியில் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "நீங்க வெளிய இருமிக்கிட்டே இருக்கீங்க, எனக்கு அங்கேயே நெனப்பு ஓடுது." அவர் கடைக்குப் போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, துடைத்த பெட்டிகளையே மறுபடி துடைத்தார். பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது ஃபிர்தௌஸ் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, நேற்றைய பிரியாணியைச் சட்டியோடு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்டி?"

"இப்பத் தெரியாது. கட்டுர பாகத்த மனுசங்கதான் திருத்துவாங்க. ரெண்டு வாரம் ஆவும்."

"கட்டுரையில என்ன கேட்டான்?"

அவள் ஒரு கவளத்தை மென்று விழுங்கினாள். "கேள்விய வெளிய சொல்லக் கூடாதுங்க. ரூல்."

"எங்கிட்டக் கூடவா?"

"எந்த ஒரு நபர்கிட்டயும்," என்றாள் ஃபிர்தௌஸ். சொல்லிவிட்டுப் புரையேறும்வரை சிரித்தாள். மூசா தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகியிருந்தது. மூசா கைகால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டு கீழே இறங்கினார். வெயில் தெருவை வெளுத்திருந்தது. ஆட்கள் தொழுகை விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள். எதிர்க்கடைத் தையற்காரர், ஏமன் நாட்டு சாலிஹ், அவரோடு சேர்ந்துகொண்டார். இருவருக்கும் பொதுவாக இருந்தது நாலைந்து அரபுச் சொற்களும் அதைவிடக் குறைவான ஆங்கிலமும்தான். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது மூசாவுக்கு.

"மதாம்," என்றார், வீட்டுப் பக்கம் கையைக் காட்டி. "இம்திஹான்." பரீட்சை. "அம்ரீகா இம்திஹான்."

சாலிஹ் கண்களை விரித்தார். பாஸா என்று அரபியில் கேட்டார்.

"மா அத்ரி," என்றார் மூசா. தெரியாது. தெரியாது என்பதை அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்பது போல சாலிஹ் அவரைப் பார்த்தார். மூசாவுக்கு இன்னும் சொல்ல வேண்டியிருந்தது, சொல் கிடைக்கவில்லை. சாலையோரத்தில் நின்று வலது கையை உயரத் தூக்கி மூன்று விரல்களை விரித்தார். "மூணு மணி நேரம். த்ரீ ஹவர். நோ ஸ்டாப். ரைட்டிங், ரைட்டிங்."

வேகமாக வந்துகொண்டிருந்த பிக்கப் ஒன்று, கையைக் கண்டு தன்னைத்தான் நிறுத்தச் சொல்கிறார் என்று நினைத்து, டயர் தேயப் பிரேக் போட்டு நின்றது. அதன் பின்னால் வந்த வண்டியும் நின்றது. மூசா கையை இறக்கவில்லை. மூன்று விரல்களையும் அப்படியே உயர்த்திப் பிடித்தபடி சாலையில் இறங்கி, அவசரமில்லாமல் எதிர்ப்பக்கம் நடந்தார்.