மச்சிலிருந்து விழுந்த பூனை

எறும்பு மிதிபடக் கூடாதென்று குனிந்து பார்த்தே நடப்பவர் என்று ஐயம்பெருமாள் பிள்ளைக்குச் சீவலப்பேரியில் பெயர். அந்தப் பெயரை ஊருக்குள் பரப்பியவரும் அவர்தான் என்பது மனைவி ஞானம்பாளுக்கு மட்டும் தெரியும்.

டில்லி தர்பார் நடந்த வருஷத்து மார்கழியில், பால் சட்டியில் வாய் வைத்தது என்று வீட்டுப் பூனையின் முதுகில் விறகுக் கட்டையை வீசினார். ஞானம்பாள் அடுப்படியில்தான் நின்றிருந்தாள். பூனை முன்னங்கால்களால் தரையைப் பிறாண்டி நகரப் பார்த்தது. இடுப்புக்குக் கீழே எல்லாம் நனைந்த துணி மாதிரி பின்னால் இழுபட்டது.

பிள்ளைவாளுக்கு முகம் வெளிறிவிட்டது. இரக்கத்தால் அல்ல. பூனையைக் கொன்றால் பொன்னில் பூனை செய்து தானம் கொடுக்க வேண்டுமே என்ற பயம். புரோகிதரிடம் ஆள் விட்டுக் கேட்டார். வேறு இடத்தில் போய்ச் செத்தால் தோஷமில்லை என்று அவரும் சௌகரியமாகச் சொல்லியனுப்பினார். உடனே பண்ணையாளைக் கூப்பிட்டு, மச்சிலிருந்து விழுந்துவிட்டது என்று உச்சுக்கொட்டி, சாக்கில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவரச் சொன்னார்.

ஞானம்பாள் சாக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

“செத்தா இங்கனயே சாகட்டும். உங்க தலையிலயே விடியட்டும்.”

அவர் பூசை அறைக்குள் போய் மணியை ஓங்கி ஆட்டினார்.

அவள் பூனையின் பின்னங்காலைக் கிள்ளிப் பார்த்தாள். அசைவில்லை. விரலிடுக்கில் நகத்தால் அழுத்தியதும் திரும்பிச் சீறியது. வலி தெரிகிறதே என்று அவளுக்கு மூச்சு வந்தது. மூத்திரம் தானாக இறங்கவில்லை, வயிறு கல்லாகிவிட்டது. பயந்துகொண்டே அடிவயிற்றைப் பைய அமுக்கினாள், பீச்சியடித்தது. அதன்பின் வேளாவேளைக்கு அதே வேலைதான். பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போவார். வாசலுக்கு வந்தவர்களிடம், தாம் பூசும் திருநீறுதான் அதைக் காப்பாற்றுகிறது என்பார்.

பங்குனியில் பூனை எழுந்து நின்றது. கள் குடித்தவன் போலப் பின்பக்கம் கோணிக் கோணி நடந்தது. மேலத்தெரு காசிலிங்கம் பிள்ளை பார்க்க வந்தார். அவரிடம் பூனை மச்சிலிருந்து விழுந்த கதையையும் திருநீற்றின் மகிமையையும் விஸ்தரித்துவிட்டு, காட்டுவதற்காகப் பூனையை நோக்கிக் கை நீட்டினார் ஐயம்பெருமாள் பிள்ளை. அது விழுந்தடித்துக்கொண்டு நெல் குதிருக்குப் பின்னால் போய் ஒடுங்கியது.

காசிலிங்கம் பிள்ளை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார்.

“மச்சுலேருந்து விழுந்த பூனைன்னா மச்சைப் பாத்துல்லா வே மிரளணும். உம்மப் பாத்து ஏன் ஓடுது?”

ஞானம்பாள் சிரித்துவிட்டாள். அடக்க முயலவும் இல்லை. ஐயம்பெருமாள் பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு வயல் பக்கம் போனார்.

பூனைக்கு அதன்பின் தாவ வரவில்லை. பனிக்காலத்தில் கால் விறைத்துக்கொள்ளும். ஞானம்பாள் அடுப்போரம் கோணி விரித்துப் படுக்கவைத்து நீவிவிடுவாள். பக்கத்து அறையில் கணவர் இருமினால், அவள் பைய எட்டிப் பார்ப்பதோடு சரி.