ஜோடிப் பயணம்

விடுதி அறைக் கதவைத் திறந்ததும் இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கட்டில் முழுக்க ரோஜா இதழ்கள், இதய வடிவில். நடுவில் இரண்டு துண்டுகளை முறுக்கி அன்னங்களாக்கி, மூக்கும் மூக்கும் முட்ட வைத்திருந்தார்கள்.

ஏசி மெக்கானிக்கான அவனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பக்கத்தில் நிற்பது மனைவியென்றால் பரவாயில்லை. நின்றது மாமியார்.

"துண்டை இப்படி முறுக்கி வச்சா குளிச்சுட்டு எதால துடைக்கிறது மாப்பிள்ளை?" என்றார் அத்தை. கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கேள்வியாகத்தான் கேட்பார்.

கீழே வரவேற்பில் இருந்த பெண் விஷயம் தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, இன்னொரு அறையின் சாவியை எடுத்துக் கொடுத்தாள். அத்தை ஓர் அன்னத்தைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குப் போனார்.

இது தேனிலவுக்காகப் போட்ட பயணம். கல்யாணமான சூட்டோடு மனைவிக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. மருதாணி அழியுமுன் விமானம் ஏறியவள், ஒப்பந்தம் முடிந்து இந்த மாதம் திரும்பியிருக்க வேண்டும். போர்த்துக்கீசியர் கட்டின பழைய ஊர் ஒன்றை எங்கோ படத்தில் பார்த்துவிட்டு, அங்கிருந்தே அறை, வேன் எல்லாம் பதிவு செய்தாள். தினமும் போனில் அதே பேச்சு. கிளம்பும் நேரத்தில், "இங்க உடனே விடமாட்டேங்கறாங்க. வர்றது தள்ளிப் போகுது. அம்மாவைக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்களேன். நீங்க ரெண்டு பேரும் பாத்தா நான் பாத்த மாதிரி" என்றாள். பட்டறையில் கூட வேலை பார்ப்பவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் அவன் காதில் இருந்தது.

மறுநாள் வேனில் ஏறினால் திரும்பிய பக்கமெல்லாம் புது ஜோடி. வழிகாட்டி, மடக்கிய குடையைக் கோல்போல நீட்டி நீட்டிப் பேசுகிற மனிதர். முதலில் வெள்ளைச் சுண்ணாம்புத் தேவாலயம். உள்ளே பொன்முலாம் பூசிய பீடம் கூரைவரை எழுந்து நின்றது. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே மண்பானைக்குள் இறங்கியதுபோல் குளிர்ச்சி. அவன் சுவரின் கனத்தைக் கையால் அளந்து பார்த்தான்.

"ஏசி இல்லாமலே இப்படிக் குளுகுளுன்னு இருக்கே. அந்தக் காலத்துல நான் இங்க பொறந்திருந்தா பட்டினிதான் அத்தை."

"ஏன்? வேற வேலை பாத்திருப்பீங்க" என்றார் அத்தை.

மனைவியாக இருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். காலையிலிருந்தே அவனுக்கு இதுதான் பாடு. எதைப் பார்த்தாலும் அவளிடம் சொல்லுகிற வாக்கியமாகவே மனத்தில் வந்து விழுந்தது. யாராவது போட்டோ எடுத்தால்கூடத் தன்னையறியாமல் பக்கத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடம் விட்டு நின்றான். அத்தை அதைக் கவனித்தார். ஆனால் அங்கே போய் நிற்கவில்லை.

மத்தியானம் கோட்டைக்குப் போனார்கள். துருப்பிடித்த பீரங்கிகள் கடலைப் பார்த்துக் கிடந்தன. மதில்மேல் நிற்கும்போது அத்தையின் போன் அடித்தது. நைட் டியூட்டி முடிந்து அவள்தான் வீடியோவில் வந்தாள். காற்றில் கேட்காது என்று அத்தை சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால், எட்ட நின்றவனுக்கும் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, அவர்கிட்ட சொல்லிட்டியா இல்லையா?"

அத்தை படக்கென்று போனைத் திருப்பினார். அதற்குள் அவன் பக்கத்தில் வந்துவிட்டான்.

"என்ன சொல்லணும் அத்தை?"

அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டுட்டாளாம். உங்ககிட்ட நேர்ல பக்குவமா எடுத்துச் சொல்லுன்னா. நேத்துலேர்ந்து வாயெடுக்கறேன், வரமாட்டேங்குது."

அவள் "என்னங்க..." என்று கூப்பிடக் கூப்பிடப் படியிறங்கிப் போய்விட்டான். கோட்டைக்கு அடியில் படகுத்துறை இருந்தது. அக்கரைக்குப் போகும் படகு கிளம்பிக்கொண்டிருக்க, எங்கே போகிறது என்றுகூடக் கேட்காமல் ஏறினான். அக்கரை வந்ததும் எல்லாரும் இறங்கினார்கள். அவன் இறங்கவில்லை. அதே படகில் திரும்பி, மறுபடியும் போனான். தண்ணீரைப் பார்த்தபடி, வாய்க்கு வந்ததையெல்லாம் மனத்துக்குள் அவளைத் திட்டினான். திட்டி முடித்த பிறகுதான் அழுகை வந்தது. அவளுடைய தலைமுடியின் வாசனை எப்படி இருக்கும் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதுதான் அவனை உலுக்கிவிட்டது.

இக்கரையில் இறங்கியபோது படகுத்துறைக் கல்லில் அத்தை மட்டும் உட்கார்ந்திருந்தார். வேன் போய்விட்டிருந்தது.

"நீங்க போயிருக்கலாமே அத்தை."

"உங்களை விட்டுட்டுப் போய் அங்க என்ன பண்றது? மிச்ச அன்னத்தைப் பிரிக்கவா?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியும். சம்மதிச்சுட்டீங்க."

"எங்கிட்ட கேட்டுட்டா கையெழுத்து போட்டா? போட்டுட்டுத்தான் சொன்னா." அத்தையின் குரல் உடைந்தது. "நீங்களாவது கோவிச்சுக்கிட்டு எழுந்து போக முடியுது. நான் எங்க போறது, பெத்தவளாச்சே. எனக்கும் அவ வேணும் மாப்பிள்ளை. வாசல்ல செருப்பு விடற சத்தம் கேட்டா அவளோன்னு எட்டிப் பாக்கறேன்."

அந்த அம்மாள் அழுது அவன் பார்த்ததே இல்லை. கைக்குட்டையை நீட்டினான். அத்தை அதை வாங்கி, அழுக்காக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

விடுதிக்கு நடந்தே கிளம்பினார்கள். வழியில்தான் அவள் படத்தில் பார்த்த அந்தத் தெரு வந்தது. மஞ்சள், நீலம், செங்காவி என்று வரிசையாக ஓட்டு வீடுகள். கண்ணாடிக்குப் பதில் மெல்லிய சிப்பி பதித்த சன்னல்கள். அவன் நின்றான். போனை எடுத்தான். முதல் மணியிலேயே அவள் எடுத்துவிட்டாள். சீருடைகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் கோவமாத்தான் இருக்கேன்" என்றான்.

"தெரியும்."

"அந்தக் கோவம் இப்ப போகாது."

"போக வேணாம். ஆனா பேசுங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இந்தத் தடவை வருஷத்துக்கு ஒரு மாசம் லீவு கேட்டு வாங்கியிருக்கேன். அதையும் நானே சொல்லியிருக்கணும். பயந்துட்டேங்க."

அவன் போனைத் திருப்பித் தெருவைக் காட்டினான்.

"மெதுவா நடங்க. அந்த மஞ்ச வீட்டை இன்னொரு தடவை காட்டுங்க. மாடில யாரோ இருக்காங்களே?"

மாடி முகப்பில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பெண்மணி இவர்களைப் பார்த்துக் கையசைத்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து, போனில் மனைவியும் கையசைத்தாள்.

அவன் மெதுவாக நடந்தான். சன்னல் சன்னலாக, வாசல் வாசலாகக் காட்டினான். தேவாலயத்துக் குளிர்ச்சியைப் பற்றிச் சொன்னான். பட்டினி கிடந்திருப்பேன் என்றதற்கு அவள் தூக்கக் கலக்கத்திலேயே சிரித்தாள். தெருக்கோடிக்கு வந்தபோது அந்தப் பக்கம் சத்தத்தையே காணோம். போனைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். தலையணையும் ஒரு காதும் கலைந்த முடியும் மட்டும் தெரிந்தன. போனைப் பிடித்தபடியே தூங்கிவிட்டிருந்தாள்.

"ராத்திரி பூரா நின்னிருப்பா" என்றார் அத்தை, எட்டிப் பார்த்து.

"வச்சிடட்டுமா அத்தை?"

"வேணாம். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அங்கிருந்த குட்டைச் சுவரில் இருவரும் உட்கார்ந்தார்கள். போன் திரையில் வெயில் படாமல் அவன் கையை வளைத்துப் பிடித்துக்கொண்டான். முதல்முறையாக அத்தை அவன் தோளோடு ஒட்டி உட்கார்ந்து திரையைப் பார்த்தார். அவள் மூச்சு விடுவது லேசாகக் கேட்டது.