மாப்பிள்ளையின் வயிற்றில் ஒரு கட்டி

அந்தக் கால்நடை மருத்துவரின் மாமனார் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பெற்றது ஒரே பையன். பெண் இல்லாவிட்டாலும் வீட்டில் ஒரு மாப்பிள்ளை இருந்தான்: சாம்பல் நிற முயல். வேளைக்குத் தீனி வராவிட்டால் பின்னங்காலால் தரையை உதைப்பான். நகம் வெட்டினால் முறுக்கிக்கொண்டு சோபாவுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவான். அதனால்தான் அந்தப் பெயர்.

மாப்பிள்ளை மறுபடியும் சாப்பாட்டை நிறுத்தியபோது, மாமனார் கூண்டைத் தூக்கிக்கொண்டு மருமகள் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே வந்துவிட்டார்.

"எதையும் தொடலம்மா. புழுக்கை மிளகு மாதிரி சின்னதா போகுது."

முயலுக்குக் குடல் ஓட்டம் நின்றுபோவது அடிக்கடி வரும் தொல்லைதான். பயந்தால் நிற்கும், வலித்தால் நிற்கும், புல் குறைந்தால் நிற்கும். முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. வலியை வெளியே காட்டவும் காட்டாது. முன்பெல்லாம் வலி மருந்தும், தோலுக்கடியில் திரவமும், ஊசியில்லாத சிரிஞ்சில் கரைத்த தீனியும் கொடுத்ததும் மாப்பிள்ளை எழுந்து ஓடியிருந்தான். ஆனால் சரியாகிச் சரியாகித் திரும்ப வருகிறது என்றால் உள்ளே வேறேதோ இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

மேசையில் துண்டை விரித்து அவனை உட்காரவைத்து, இரண்டு கைகளாலும் வயிற்றை மெல்ல அமுக்கிப் பார்த்தாள். பிசைந்த மாவு போல ஒரு பக்கம், காற்றடைத்த பை போல ஒரு பக்கம். நடுவில் ஏதோ கெட்டியாக ஒன்று விரலில் பட்டு வழுக்கிப் போனது. மறுபடி தேடினாள். இருந்தது.

எக்ஸ்ரேயில் வாயுதான் தெரிந்தது. ஸ்கேனில் சிறுகுடலின் ஓரிடத்தில் மட்டும் சுவர் தடித்திருந்தது. மெல்லிய கோடுகளாக அடுக்கடுக்காகத் தெரிய வேண்டிய சுவர் அங்கே ஒரே கருப்பாகக் கலங்கிக் கிடந்தது.

மருத்துவமனையை நடத்தும் பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"புல்லு கெட்டியாகி நிக்குதும்மா. நம்ம வீட்டு முயல்னா கண்ணு எல்லாத்தையும் பெருசாத்தான் காட்டும்."

"இருக்கலாம் மேடம். ஆனா சாப்பாடுன்னா நகரணும். வாயு குறைஞ்சதும் இன்னொரு தடவை பார்த்துடறேன்."

மறுநாள் வாயு குறைந்திருந்தது. புழுக்கையும் கொஞ்சம் வந்திருந்தது. ஆனால் அந்தத் தடிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்த்தாள். முடிவு சொல்லும் அளவுக்குச் செல்கள் வரவில்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் எதுவும் பரவியதாகத் தெரியவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

"மாமா, கொஞ்சம் உக்காருங்க."

"டாக்டருங்க உக்காரச் சொன்னா நல்ல சேதியா இருக்காதே."

"குடல் சுவர்ல கட்டி இருக்கு. நல்லதா கெட்டதான்னு வெளியிலிருந்து சொல்ல முடியாது. வெட்டி எடுத்து லேபுக்கு அனுப்பினாத்தான் தெரியும். மயக்கம் குடுத்தா எழுந்திரிக்காமலே போயிடவும் கூடும். உங்ககிட்ட மறைக்க மாட்டேன்."

அவர் கூண்டுக் கம்பிக்குள் விரலை விட்டு மாப்பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"யாரு பண்ணுவா?"

"மேடம் பண்ணட்டும் மாமா. நம்ம வீட்டுப் பிள்ளை. என் கை தவறிடுச்சுன்னா?"

"கண்டுபிடிச்ச கை தவறாது. நீயே பண்ணு."

அறுவை மேசையில் பெரிய டாக்டர் மயக்கத்தைக் கவனித்துக்கொண்டார். அவள் வயிற்றைத் திறந்து குடலை அங்குலம் அங்குலமாக விரலில் ஓட்டினாள். ஸ்கேனில் பார்த்த அதே இடத்தில் கொண்டைக்கடலை அளவில் வெளுத்த கட்டி. உணவு போகும் வழியில் பாதியை அடைத்திருந்தது. அந்தத் துண்டை வெட்டியெடுத்து, இரண்டு முனைகளையும் முடியை விட மெல்லிய நூலால் இணைத்தாள்.

"புல்லுன்னு சொன்னேனே," என்றார் பெரிய டாக்டர். "நான் பார்த்திருந்தா மருந்து குடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்."

"இன்னும் தையல் இருக்கு மேடம்," என்று அவள் தலையைத் தூக்காமல் சொன்னாள். முகக்கவசத்துக்குள் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மாப்பிள்ளை கண் விழித்தான். மறுநாள் முதலாவது புழுக்கை விழுந்ததும் மாமனார் அதைப் படம் எடுத்து, அலுவலகக் கூட்டத்தில் இருந்த மகனுக்கு அனுப்பினார். சில நாளில் லேப் முடிவும் வந்தது: தசையில் வந்த சாதாரணக் கட்டி, புற்று இல்லை, வெட்டிய ஓரங்களில் கட்டியின் மிச்சமும் இல்லை.

தையல் பார்க்க வந்த அன்று, காத்திருக்கும் அறையில் பூனையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் கேட்டாள்.

"முயலுக்கு என்னங்க?"

"குடல்ல கட்டி. கையாலயே கண்டுபிடிச்சிட்டாங்க. மிஷின் எல்லாம் அப்புறம்தான்."

"பெரிய டாக்டரா?"

"பெரிய டாக்டரே தப்பா சொன்னாங்க. கண்டுபிடிச்சது என் மருமக!"

கதவுக்குப் பின்னால் இருந்த மருமகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். பெரிய டாக்டர் உரக்கச் சிரித்தார். "உண்மைதானே, சொல்லட்டும் விடு. அடுத்த மாசம் டாக்டர்கள் கூட்டத்துல நீதான் இதைப் பேசப்போற."

கூட்டத்துக்கு மாமனார் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சாதாரணக் குடல் தேக்கம் இல்லையென்று எப்படிச் சந்தேகம் வந்தது என்று ஒரு மருத்துவர் எழுந்து கேட்டார்.

"திரும்பத் திரும்ப வந்தது. கையில கெட்டியா ஒண்ணு பட்டது. நகருதான்னு மறுபடி பார்த்தேன், நகரல. அவ்வளவுதான்," என்றாள் அவள்.

பதில் முடிந்ததா இல்லையா என்று தெரியாமலே மாமனார் கைதட்டினார். ஒரு நொடி அவர் மட்டும்தான் தட்டினார். பிறகு பெரிய டாக்டர் சேர்ந்துகொண்டார், அப்புறம் அறை முழுக்க.